அண்டா அடுப்பில் ஏறும் முன்

அன்புத் தங்கைக்கு,

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் டயட்டீஷியனாகச் சேர்ந்த கையோடு நீ கேட்டிருப்பது நல்ல கேள்வி. கோழிக்கறியைப் பச்சையாக நிறுத்துக் கலோரி போடுவதா, வெந்தபின் நிறுத்தா? கவுண்டர் போர்டில் எண் எழுதுகிறவர்களில் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராம் என்றால் ஏறத்தாழ 120 கலோரி, 22 கிராம் புரதம். அதையே எண்ணெயில்லாமல் வாட்டி, வெந்ததில் 100 கிராம் நிறுத்தால் 165 கலோரி, 31 கிராம் புரதம். அடுப்பு எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. சூட்டில் தசை சுருங்கி நீரை வெளியே தள்ளுகிறது; ஒரு கிலோ கறி முக்கால் கிலோவுக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. அதிலிருந்த 1,200 கலோரி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வெந்த கறி 150 கிராமுக்குப் பச்சைக்கறியின் எண்ணைப் போட்டால் 180 கலோரி என்று வரும். உண்மையில் அது 250-ஐ நெருங்கும். சோற்றில் பிழை எதிர்ப்பக்கம் போகும், அரிசி நீரைக் குடித்து இரண்டரை, மூன்று மடங்காவதால்.

நாம் நம்பும் அட்டவணை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. 1918-இல் நம் குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வில் பிறந்த நிறுவனம் அது. 1958-இல்தான் ஹைதராபாத் போனது. அதன் எண்கள் பெரும்பாலும் பச்சைப் பொருளுக்கு, அதுவும் உண்ணக்கூடிய பகுதிக்கு மட்டும். அதனால் நீயும் பச்சை எடையிலிருந்தே தொடங்கு. விடியற்காலையில் ஸ்டோருக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் முதலில் வெறும் அண்டாவை நிறுத்து, எடையை அதன் காதருகே பெயிண்டால் எழுதி வை. பிறகு கறி, எண்ணெய், தேங்காய், வெங்காயம் எல்லாம் உள்ளே போகுமுன் எடை குறி. தாளிப்பு நேரத்தில் மாஸ்டரின் குறுக்கே போய் நிற்காதே. குழம்பு இறங்கியதும் மொத்த எடையில் அண்டாவைக் கழி. உள்ளே போன கலோரி முழுவதையும் அந்த எடையால் வகு. கறியிலிருந்து கசிந்த நீரும் உருகிய கொழுப்பும் குழம்பில்தானே கிடக்கின்றன. துண்டை மட்டும் எடுத்து நிறுத்தால் அவை கணக்கில் வராது.

ஆனால் கரண்டி சமமாக அள்ளாது. ஒருவர் தட்டில் தொடை, அடுத்தவர் தட்டில் கழுத்தும் குழம்பும். பந்தியின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் சில தட்டுகளை நிறுத்துப் பார். சாப்பிட்டு முடித்த தட்டுகளின் எலும்பையும் சேர்த்து நிறுத்துக் கழி. எண்ணெயை மறந்தால் இத்தனையும் வீண்: ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல். சிக்கன் 65 போடும் நாளில் சட்டியில் ஊற்றியதையும் மிஞ்சியதையும் நிறுத்துவிடு.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஒப்பந்தத் தாள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனைக் கட்டாயமாக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வழி செய்தது. தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை டெண்டர்தான் சொல்லும். அதில் 'ஒருவருக்குச் சிக்கன் 120 கிராம்' என்று மட்டும் இருந்தால் என்ன பொருள்? எலும்பில்லாமல் வெந்த எடை என்றால், நெஞ்சுக்கறிக் கணக்கில் 37 கிராம் புரதம். எலும்பில்லாத பச்சை எடை என்றால் 26. எலும்போடு பச்சை எடை, அதில் மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்று வைத்துக்கொண்டால், வெறும் 18. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிளி லைனில் ஷிப்ட் முழுக்க நிற்கும் பெண்களில் பலர் ஹாஸ்டல்வாசிகள். கேன்டீன் தட்டுதான் அவர்களுடைய பெரிய சாப்பாடு. எழுதாமல் விட்ட இரண்டு சொல்லால் அவர்கள் தட்டில் பாதிப் புரதம் குறைந்துபோகிறது. எனக்கு இது ஆறவே ஆறாது.

ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது கமிட்டிக் கூட்டத்தில் உன் நோட்டை எடுத்து வை. எலும்பு நீங்கலாகவா, எலும்போடா, பச்சை எடையா, வெந்த எடையா என்று தாளிலேயே எழுதச் சொல். கான்ட்ராக்டர் விலை ஏறும் என்பார். ஏறட்டும், எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுதி வாங்கு.

அன்புடன்,
உன் அக்கா