கிரேடு 2 என்றால் அடுத்தது அறுவை சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 52. படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் 'கிரேடு 2 தேய்மானம்' என்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு காலிலும் செயற்கை மூட்டு. எனக்கும் அப்படித்தான் ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்படி ஆகித்தான் தீரும் என்பதில்லை, அம்மா. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே தீர்மானிப்பதில்லை.

அந்த கிரேடு, 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவு. எலும்பின் ஓரத்தில் முள்போல வளர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தால் 2. அது இன்றைய நிலையைத்தான் சொல்கிறது; நாளை நடக்கப்போவதை அல்ல. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமல் இருப்பதும் உண்டு.

அமெரிக்காவில் 2004 முதல் 45–79 வயதுள்ள 4,796 பேரின் முழங்கால்களை எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பலருக்குப் படத்தில் பெரிய மாற்றமே இல்லை. சிலருக்கு மட்டும் வேகமாகத் தேய்ந்தது. உடல் பருமன், பழைய ஜவ்வுக் காயம், வில்போல வளைந்த கால், எம்ஆர்ஐயில் தெரியும் எலும்பு மஜ்ஜைப் பாதிப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றை வைத்து வாய்ப்பைக் கணிக்கலாம். ஒருவருக்கு இன்னதுதான் நடக்கும் என்று உறுதியாகச் சொல்லும் சோதனை இன்னும் வரவில்லை.

இவற்றில் எடை நம் கையில் இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். பிசியோதெரபிஸ்ட்டிடம் தொடைத் தசைக்கான பயிற்சியை இந்த வாரமே கேட்டுத் தொடங்குங்கள். வலிக்குப் பயந்து நடையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு திடீரென வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.