வாட்டுக்குப் பணம் போட்டது யார்?

கேள்வி: இன்று புதிய யோசனை இருந்தால் முதலீட்டு நிறுவனங்களை அணுகலாம். அவை இல்லாத காலத்தில் கண்டுபிடிப்பாளர்கள் பணத்துக்கு என்ன செய்தார்கள்?

பதில்: கடன், நண்பர்கள், பங்காளி. பெரும்பாலும் இந்த மூன்றுதான். ஜேம்ஸ் வாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி எந்திரத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி 1765-இல் அவருக்குப் பிடிபட்டது. ஆனால் கையில் காசில்லை. கிளாஸ்கோ பேராசிரியர் ஜோசப் பிளாக் கடன் கொடுத்தார். அடுத்து வந்தவர் ஜான் ரோபக் என்ற தொழிலதிபர். அவருடைய நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது; அதை இறைக்க நல்ல எந்திரம் வேண்டும். வாட்டின் சுமார் 1,000 பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டு, காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொண்டார். வீட்டுச் செலவுக்கு வாட் கால்வாய்களுக்கு நில அளவை செய்தார்.

1773-இல் ரோபக் திவாலானார். பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டனுக்கு அவர் தர வேண்டிய 1,200 பவுண்டுக்கு ஈடாக அந்தப் பங்கு போல்டன் கைக்குப் போனது. 1775-இல் நாடாளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. அதன்பிறகே போல்டன் தாராளமாகப் பணத்தை இறக்கினார்.

வசூல் முறைதான் சுவாரசியம். அதுவரை புழக்கத்தில் இருந்த நியூகாமன் நீராவி எந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை எந்திரத்தைப் பயன்படுத்துவோரிடம் ஆண்டுதோறும் கட்டணமாகக் கேட்டார்கள். நிலக்கரி விலை அதிகமான கார்ன்வால் சுரங்கங்களில் இது நன்றாக எடுபட்டது.

ரோபக், போல்டன் இருவருமே பணத்தோடு தொழிலும் தெரிந்தவர்கள். யோசனை கைவசம் உள்ளவர்கள், அது யாருடைய தலைவலியைத் தீர்க்கும் என்று முதலில் தேடுங்கள். பணமும் அங்கேதான் இருக்கும்.