சனிக்கிழமை ராத்திரிக்கு எந்தச் சட்டை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்காள் மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கறுப்பு டி-சட்டை, நெஞ்சில் மெட்டாலிக்கா. "மாமா, ஜேபிக்குப் போறோம். இதப் போட்டுக்கிட்டுப் போலாமா? அம்மா மாத்து மாத்துன்னு சொல்றாங்க." பின்னாலேயே அக்காளும் வந்துவிட்டாள். "காலர் வச்ச சட்டை அலமாரி நிறையக் கிடக்குது. இதுதான் கெடைச்சுதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து இசைக்குழுச் சட்டை போடுகிறவன் நான். போடலாமா என்று கேட்டால் என் பதில், போடலாம். ஆனால் எந்த ராத்திரிக்கு, எந்தக் குழுவின் சட்டை, யாருடைய இடத்துக்கு என்று பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பெக்கோக் சின்ன ஊர். லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவில் ரயில் பாதையோரம், சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். எண்டாவ் ரொம்பின் காட்டின் சிலாய் நுழைவாயிலுக்குப் போகிறவர்கள் நம் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே ராத்திரி வெளியே போவதென்றால் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஒரு தே தாரிக், இரண்டு மணி நேரப் பேச்சு. அதைவிட்டால் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு கல்யாண விருந்து. பிறகு, வண்டியை எடுத்துக்கொண்டு ஜேபி என்கிற ஜொகூர் பாரு போய் விடியற்காலை திரும்புவது.

முதல் வகைக்கு இசைக்குழுச் சட்டையை மிஞ்சிய உடுப்பு இல்லை. கடையில் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே மின்விசிறி, புழுக்கம். அங்கே காலர் சட்டை போட்டு உட்கார்ந்தால் கழுத்தில் வியர்வை நிற்கும். சாதா டி-சட்டையும் சுகம்தான், ஆனால் அது பேச்சைத் தொடங்கி வைக்காது. ஒருமுறை நான் ஜாய் டிவிஷன் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கறுப்புத் துணி, நெஞ்சில் மலைத்தொடர் மாதிரி அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். பக்கத்து மேசைப் பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த மலை?" என்றார். மலை இல்லை ஐயா, நட்சத்திரத் துடிப்பு என்றேன். 1967-இல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த துடிமீனிலிருந்து வந்த வானொலி அலைகள் அவை. 1970-இல் ஹரால்ட் கிராஃப்ட் என்ற மாணவர் தம் ஆய்வேட்டில் கோடு கோடாக வரைந்த படத்தைப் பீட்டர் சாவில் எடுத்து 1979-இல் அந்தக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அட்டையாக்கினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த தே ஓவுடன் அரை மணி நேரம் வானத்தைப் பற்றிப் பேசினோம்.

போட்டிருக்கும் சட்டையைப் பற்றிக் கேட்டால் சொல்ல நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். இது நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அடுத்தவரை நிறுத்தி "மூணு பாட்டு சொல்லு பார்க்கலாம்" என்று தேர்வு வைப்பது அசிங்கம். அதிலும் நம் பையன்கள் பெண் பிள்ளைகளிடம் மட்டும் இந்தத் தேர்வை வைக்கிறார்கள். அதை விட்டுவிட வேண்டும்.

நம் வட்டாரத்தில் இசைக்குழுச் சட்டை என்றால் வெள்ளைக்காரன் பாட்டு மட்டுமா? ஒவ்வொரு ஊரிலும் உருமி மேளக் குழுவுக்கு என்று ஒரு சட்டை இருக்கிறது. முதுகில் குழுவின் பெயர், நெஞ்சில் முனீஸ்வரரோ காளியோ, கையில் ஊர்ப் பெயர். இங்கே பிள்ளைகள் முதலில் ஆசைப்பட்டு வாங்கும் இசைக்குழுச் சட்டை அதுதான். அந்தச் சட்டையை எனக்குப் பிடிக்கும். அந்தக் குழுவோடு நின்று அடித்தவனுக்கு அது உரிமை. ஆனால் சாமி படம் போட்ட சட்டையோடு பீர் கடைக்குள் போகாதீர்கள். அடித்த கை ஓய்ந்து பசியோடு சாப்பிடப் போனால் தவறில்லை. குடிக்கப் போவதாக இருந்தால் வண்டியில் இன்னொரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள். 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழுவின் சட்டைக்கும் இதையே சொல்வேன். வேதாந்தத்தை மெட்டல் இசையில் பாடுகிறவர்கள் அவர்கள். அவர்கள் பாட்டை மதிக்கிறவன் சட்டையையும் மதிக்க வேண்டும்.

கோயில் திருவிழா ராத்திரி தனி. நம் ஊர்த் திருவிழாவுக்கு ஜிப்பாவும் வேட்டியும் இருக்க, மண்டை ஓடு போட்ட சட்டை எதற்கு? இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸ் சட்டையைப் பற்றி மட்டும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிவப்பு உதடு, நீட்டிய நாக்கு. 1970-இல் ஜான் பாஷ் என்ற மாணவர் 50 பவுண்டுக்கு வரைந்து கொடுத்த சின்னம் அது. வரைவதற்கு முன் மிக் ஜேகர் அவரிடம் காட்டியது காளியின் படத்தை. மூல ஓவியத்தை 2008-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. நம் அம்மனின் நாக்குதான் அங்கே போய்த் திரும்பி வந்திருக்கிறது. இருந்தாலும் காளி கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக மாட்டேன். கோயில் வாசலில் வைத்து யாரும் இந்தக் கதையைக் கேட்கப் போவதில்லை.

இனி அக்காளின் பயம். அவளுக்குக் காலர் ஒரு பொருட்டே இல்லை. கறுப்புச் சட்டை போட்ட நாலு இந்தியப் பையன்கள் ராத்திரியில் ஒரே வண்டியில் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை. அந்தக் கவலைக்கு இந்த நாட்டில் வரலாறு உண்டு. 1992-இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு ஆர்டிஎம்மில் இடமில்லை என்றார். ஜொகூர் பாருவில் பிறந்த சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் எல்லாரும் பார்க்க முடியை வெட்டிக்கொண்டார்கள். 2005 டிசம்பர் 31 இரவு கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் பால்ஸ் பிளேஸ் என்ற இடத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்து சுமார் 380 இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிளாக் மெட்டல் கூட்டம் என்று சந்தேகம். அடுத்த மாதமே தேசிய பத்வா மன்றம் பிளாக் மெட்டல் முஸ்லிம்களுக்குக் கூடாது என்று அறிவித்தது. 2013-இல் லேம்ப் ஆஃப் காட் என்ற மெட்டல் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

அதே 2013 ஆகஸ்டில்தான் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. 04, 08, 36 என்று எண்களும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு நம் பையன்களின் கறுப்புச் சட்டைமேல் எல்லார் கண்ணும் விழுந்தது. சாலைத் தடுப்பில் வண்டியை நிறுத்தி, முதுகைத் திருப்பச் சொல்லி, சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கு அடித்துப் பார்த்ததை நானே அனுபவித்திருக்கிறேன். அன்று என் முதுகில் இருந்தது ஒரு குழுவின் இசைப் பயணத் தேதிகள். ஊர் ஊராகத் தேதிகளும் எண்களும் நிறைந்த பட்டியல். அதைப் படித்து விளங்கவைக்க நேரம் பிடித்தது.

ஆகவே இந்த விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கும்பல் எண், கும்பல் சின்னம், அதைப் போலத் தோன்றும் எதுவும் உள்ள சட்டையை எந்த ராத்திரிக்கும் போடாதீர்கள், நண்பன் கொடுத்தாலும் போடாதீர்கள். இசைக்குழுச் சட்டை அப்படியில்லை. அதில் குற்றம் எதுவும் கிடையாது. அதைப் பார்த்தே ஒரு பையனைக் காலி என்று முடிவு கட்டுகிற பெரியவர்கள் தப்புச் செய்கிறார்கள். ஆனால் தலைகீழ்ச் சிலுவை, ரத்தம் வழியும் ஆட்டுத்தலை போன்ற படங்களை மலாய் நண்பர் வீட்டுப் பெருநாள் விருந்துக்கும் கிறிஸ்துவ நண்பர் வீட்டுக்கும் போட்டுப் போகக் கூடாது. அங்கே சமைத்துப் பரிமாறுகிறவர் மனம் நோகும்.

கல்யாண விருந்துக்கு வருவோம். இங்கே இசைக்குழுச் சட்டை தோற்றுவிடும், தோற்கத்தான் வேண்டும். மணமக்கள் மாதக் கணக்கில் பணம் சேர்த்து மண்டபம் எடுத்திருப்பார்கள். கல்யாணப் படங்களில் உங்கள் நெஞ்சில் உள்ள மண்டை ஓடு ஐம்பது வருடம் கிடக்கும். ஜிப்பா நல்லது. அதைவிட வசதி நீளக்கை பாத்திக் சட்டை. இந்த நாட்டில் கோட்டுக்குச் சமமாக எந்த விருந்திலும் ஏற்றுக்கொள்ளப்படும் உடுப்பு அது, புழுங்கவும் செய்யாது. நல்லதாக ஒன்று வாங்கினால் பத்து வருடம் உழைக்கும். துக்க வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஜொகூர் பாரு ராத்திரிக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். நேரடி இசை வாசிக்கும் பப் என்றால் இசைக்குழுச் சட்டைதான் பொருத்தம். மேடையில் இருப்பவரே அதைத்தான் போட்டிருப்பார். நடன விடுதி என்றால் வட்டக் கழுத்துச் சட்டையை வாசலிலேயே மறுக்கும் இடங்கள் இருக்கின்றன. சிலுவார் அரையாக இருந்தாலோ காலில் சிலிப்பர் இருந்தாலோ காலர் இருந்தும் பயனில்லை. அதனால் சட்டைக்கு முன்னால் சப்பாத்தைப் பாருங்கள். கிளம்புமுன் அந்த இடத்துக்கு ஒரு அழைப்புப் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெக்கோக்கிலிருந்து அவ்வளவு தூரம் போய் வாசலில் திரும்பி நிற்பதைவிட அது மேல். நான் செய்வது, டி-சட்டைமேல் பொத்தான் போடாத ஒரு காலர் சட்டை. கேட்டால் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே போனதும் திறந்துவிடலாம்.

கச்சேரிக்கே போகும்போது அந்தக் குழுவின் சட்டையைப் போடக் கூடாது என்று ஒரு பழைய எழுதாத சட்டம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006-இல் வந்தபோது தமிழில் ராப் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அவர்கள் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நிற்பது பெருமை. பினாங்கில் பிறந்த அலிகேட்ஸ் குழுவின் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் தமிழ்ப் பிள்ளைகள். மலாயில் பாடி இந்த நாட்டையே பாட வைத்தவர்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். அவர்கள் முகம் போட்ட சட்டை ஒன்று கிடைத்தால் எந்த இடம் என்றாலும் தயங்காமல் போடுவேன், கல்யாண வீட்டைத் தவிர.

எங்கே வாங்குவது? பாசார் மாலாமில் தொங்கும் போலி அச்சு மூன்று துவைப்பில் உதிரும், அந்தப் பணத்தில் குழுவுக்கு ஒரு காசும் போகாது. குழுவின் கடையிலோ கச்சேரி வாசலிலோ வாங்குவது நேர்மை. அதற்கு வசதி இல்லாதவருக்கு நம் நாட்டில் பழைய துணி விற்கும் பண்டல் கடை இருக்கிறது. ஜொகூர் பாருவில் ராத்திரி கூடும் பாசார் காராட்டிலும் தேடலாம். பாச்சா உருண்டை வாசம் அடிக்கும் குவியலுக்குள் கையை விட்டுத் தேடும்போது கழுத்துப் பட்டையைப் பாருங்கள். பிராக்கம், ஜயண்ட் என்று இருந்தால் தொண்ணூறுகளின் சரக்காக இருக்கலாம். பிறகு கையின் ஓரத்தை மடித்துப் பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் பெரும்பாலும் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முந்தையது. அச்சுக்குக் கீழே பொடி எழுத்தில் உரிமை ஆண்டு இருக்கும். இவை மூன்றும் ஒத்து வந்தால் வாங்குங்கள். பட்டை மட்டும் பழசாக, அச்சு பளபளவென்று புதுசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை உட்புறம் வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காயப் போடுங்கள்.

அன்று சாயங்காலம் அக்காள் மகன் அந்த மெட்டாலிக்கா சட்டையோடுதான் போனான். மேலே என் சாம்பல் நிறக் காலர் சட்டை, காலில் மூடிய சப்பாத்து. புறப்படுமுன் அக்காள் அவன் நெஞ்சைச் சுட்டி, "யாருடா இவங்க?" என்றாள். வாசலில் நின்றபடியே கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். அவள் கடைசிவரை நின்று கேட்டாள்.

பிள்ளைகள் வைத்திருக்கும் தாய்மார்களே, சட்டையைக் கழற்றச் சொல்லுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.