நாலேகால் வட்டிக்குக் கடன் வாங்குவீர்களா?

“மூணு வட்டிக்கு வாங்கியிருக்கான்” என்று ஊரில் யாரைப் பற்றியாவது சொன்னால், கேட்பவர் முகம் மாறும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். இரண்டு வட்டியே அநியாயம் என்று நகையைத் தூக்கிக்கொண்டு பேங்குக்கு ஓடுகிற வீடுகள் நம்முடையவை. அதே வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்த மூன்றாவது மாதம், ஆபீஸ் ஃபுட் கோர்ட் வாசலில் டேபிள் போட்டிருப்பவர் 25,000 ரூபாய் லிமிட்டில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அதன் வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்களுடையது 3.6 சதவீதக் கார்டு என்றால் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலேகால் வட்டி.

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது, உங்கள் பக்கத்து சீட்காரருக்குக் குறைந்த வட்டியும் உங்களுக்குக் கூடுதல் வட்டியும் கிடைத்தால், அந்த வித்தியாசம் இன்றைய சின்னக் கார்டை எப்படிக் கட்டினீர்கள் என்பதில் தொடங்கியதாக இருக்கலாம். கார்டு ஒரு கருவி. ஆனால் அதன் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் அது.

1. பில்லின் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டோட்டல் அமவுன்ட் டியூ, இன்னொன்று மினிமம் அமவுன்ட் டியூ. இரண்டாவதைப் பார்த்ததும் மனசு லேசாகும். பொறி அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜூன் 5-ந் தேதி 20,000 ரூபாய்க்கு போன் வாங்குகிறீர்கள். 15-ந் தேதி பில் வருகிறது. கடைசி நாள் ஜூலை 5. மினிமம் எவ்வளவு என்பது பேங்குக்கு பேங்க் மாறும். சிலர் 5 சதவீதம் கேட்பார்கள், சிலர் 2. இரண்டு என்றே வைத்துக்கொள்வோம், 400 ரூபாய். கட்டிவிட்டீர்கள். லேட் ஃபீ இல்லை, யாரும் போன் செய்யவில்லை. ஜூலை 15-ல் அடுத்த பில்லைத் திறந்தால் 20,700 ரூபாய்! முழுதாகக் கட்டாததால் வட்டி ஜூலை 5-லிருந்து ஓடவில்லை, போன் வாங்கிய ஜூன் 5-லிருந்தே ஓடியிருக்கிறது. நாற்பது நாள் வட்டி சுமார் 940 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 170. கட்டியதோ 400.

கடன் இப்படி வளர்ந்துகொண்டே போகக் கூடாது, அந்த அளவுக்காவது மினிமம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகள் சொல்கின்றன. அதனால் பல பேங்குகள் வட்டி, வரி முழுவதையும் மினிமத்துக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. அடுத்த மாதம் உங்களிடம் சுமார் 1,500 ரூபாய் கேட்பார்கள். அதில் அசலுக்குப் போவது 392. இப்படியே மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு, கார்டில் புதிதாக ஒரு டீ கூடக் குடிக்காமல் இருந்தால், அசல் பாதியாகக் குறைய இரண்டு வருடம் பத்து மாதம் ஆகும். அதற்குள் வட்டியும் வரியுமாக 20,000 ரூபாயைத் தாண்டியிருப்பீர்கள். போனுக்கு அதன் முழு விலையை இன்னொரு தடவை கொடுத்திருப்பீர்கள், பாதிக் கடன் அப்படியே நிற்கும். 5 சதவீதம் கேட்கிற பேங்க் என்றால் பாதியாக ஒரு வருடத்துக்குச் சற்று மேல். தண்டம் 8,000 ரூபாய்க்கு மேல்.

அதே கடனுக்கு மாதம் 4,000 என்று பிடிவாதமாகக் கட்டினால் ஆறு மாதத்தில் கதை முடியும். வட்டி, வரி எல்லாம் சேர்ந்து 3,200-ஐ ஒட்டி நிற்கும். மினிமம் என்பது பேங்க் தன் லாபத்துக்குப் போட்ட எண். உங்கள் எண்ணை நீங்கள்தான் போட வேண்டும்.

2. “45 நாள் வட்டி இல்லை” என்பது பாதி உண்மை. போன மாத பாக்கி பூஜ்யமாக இருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. பாக்கி இருந்தால், இன்று மதியம் தேய்த்த 250 ரூபாய் பிரியாணிக்கும் இன்றிலிருந்தே வட்டி. ஆகவே கடன் தீரும் வரை கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள். ரூபே கார்டை யு.பி.ஐ.-யில் இணைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். டீக்கடையில் 15 ரூபாய்க்கு ஸ்கேன் செய்யும்போது அது கடன் என்று கைக்குத் தெரியாது. இன்னொன்று: முழுப் பாக்கியையும் கட்டி முடித்த பிறகும் அடுத்த பில்லில் கொஞ்சம் வட்டி வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. ஏமாற்று இல்லை. அதையும் கட்டினால்தான் கணக்கு சுத்தம்.

3. ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகிப் பணம் எடுக்காதீர்கள். பல கார்டுகளில் இதற்குக் குறைந்தபட்சக் கட்டணமே 500 ரூபாய், வரியோடு 590. வட்டி அன்றே தொடங்கிவிடும். 2,000 ரூபாய் எடுக்க 590 கொடுப்பதற்கு, பக்கத்து சீட் நண்பரிடம் கேட்டுவிடலாம்.

4. லிமிட் சின்னது என்றால் கவனம் பெரிதாக இருக்க வேண்டும். கிரெடிட் ஸ்கோர் கெடாமல் இருக்க லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூன்று லட்சம் லிமிட் வைத்திருக்கும் உங்கள் மேனேஜருக்கு அது 90,000. உங்களுக்கு 7,500. ஒரு தீபாவளித் துணிமணியில் தாண்டிவிடும். வழி இருக்கிறது. பில் வரும் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஆப்பில் ஒரு தொகையைக் கட்டிவிடுங்கள். கடன் வரலாற்றைக் குறித்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகும் பாக்கி அப்போது குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பில் தேதி சம்பளத் தேதியோடு இடித்தால், அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது ஒரு முறையாவது மாற்றித் தர வேண்டும் என்பது விதி.

5. வேலைக்கும் கார்டு பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இதைப் படியுங்கள். ஸ்டேட் பேங்க் ஆபீசர் தேர்வில் ஜெயித்து நியமன உத்தரவும் வாங்கிய ஒருவரின் வேலையை, கடன் வரலாறு சரியில்லை என்று பேங்க் ரத்து செய்தது. கடன்களையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பேங்க் செய்தது சரி என்று சொல்லிவிட்டது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்குப் பண ஒழுங்கு வேண்டும் என்பதே காரணம். பேங்க், ஃபைனான்ஸ் பக்கம் போக நினைப்பவர்கள், இன்டர்வியூ டிரஸ்ஸுக்கு முன் கிரெடிட் ரிப்போர்ட்டை அயர்ன் செய்யுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹை மார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்.

6. ஆபீஸ் செலவை உங்கள் கார்டில் ஏற்றாதீர்கள். இதில் நானே சூடு பட்டவன். கிளையன்ட் விசிட்டுக்கு ஹோட்டல், டாக்ஸி எல்லாம் என் கார்டில் போட்டேன். ரீஇம்பர்ஸ்மென்ட் இரண்டு மாதம் கழித்து வந்தது. வட்டியைக் கிளெயிம் ஃபார்மில் எழுத அங்கே கட்டமே இல்லை. கேட்க வெட்கப்படாமல் டிராவல் அட்வான்ஸ் கேளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் பில் தேதிக்கு மறுநாள் டிக்கெட் போடுங்கள், முழு இடைவெளியும் கிடைக்கும். ஊர் திரும்பிய அன்றே கிளெயிம் போடுங்கள்.

டீம் லஞ்சும் இதே வகைதான். “நான் கார்டுல போடறேன், நீங்க ஜிபே பண்ணிடுங்க” என்பது கெத்தாக இருக்கும். எட்டுப் பேர் அனுப்பிய பணம் அந்த வாரமே செலவாகிவிடும், பில் மட்டும் உங்கள் பேரில் வரும். வந்த காசை அன்றைக்கே கார்டுக்குத் திருப்புங்கள். வேலையை விடப் பேப்பர் போடுவதற்கு முன்னாலும் பாக்கியைப் பூஜ்யமாக்குங்கள். நோட்டீஸ் பீரியட் முடிந்து ஃபைனல் செட்டில்மென்ட் எப்போது வரும் என்பது ஹெச்.ஆருக்கே தெரியாது.

7. ஏற்கெனவே மாட்டியிருக்கிறீர்களா? நாலேகால் வட்டியை விடக் குறைந்த எந்தக் கடனும் லாபம். பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வட்டியோடு பிராசஸிங் ஃபீயையும் வரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் இரண்டு பவுனுக்கு பேங்க் நகைக்கடன் இதைவிடப் பல மடங்கு மலிவு. அம்மாவிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்லுங்கள். கோர்ட் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். கார்டு வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

8. மினிமத்துக்கும் ஒரு வேலை உண்டு. சம்பளம் தாமதமான மாதம், மருத்துவச் செலவு வந்த மாதம், அதைக் கட்டி லேட் ஃபீயையும் ரிப்போர்ட்டில் கறை விழுவதையும் தவிர்க்கலாம். ஒரு மாதம்தான், அடுத்த மாதமும் வேண்டாம். மறந்தே போனால், கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாள் தாண்டினால்தான் லேட் ஃபீ போடலாம், பாக்கிதாரர் என்று ரிப்போர்ட் செய்யலாம். மூன்றாவது நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

கார்டே ஒத்துவரவில்லை என்றால், பாக்கியை முடித்துவிட்டு மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் பேங்க் உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, இன்று ராத்திரியே. பேங்க் ஆப்பில் ஆட்டோபே செட்டிங்கைத் திறங்கள். “ஆன்” என்று பச்சையாகத் தெரிவதை நம்பாமல் உள்ளே போய்ப் பாருங்கள், எந்தத் தொகை பிடிக்கப்படுகிறது என்று. மினிமம் என்று இருந்தால் டோட்டல் என்று மாற்றிவிடுங்கள்.