பார்சல் கொண்டுவந்தவரை நாய் கடித்தால்: வீட்டாருக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் ஏ9 வீதியோரம் இருக்கிற வீடுகளுக்குப் பார்சல் கொண்டுவருவது பெரிய வேலையில்லை. மேலே ஏறிப்போகிற ஒழுங்கைகளில்தான் சிக்கல். பைக்கைக் கீழே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், பெரிய பையைச் சுமந்துகொண்டு தெரியாத வாசலில் வந்து நிற்கிற ஆளை நாய் திருடன் என்றுதான் நினைக்கும். நாயைக் கோபித்துப் பயனில்லை. ஆர்டர் போட்டது நாம்தான். ஆகவே இந்தக் குறிப்புகளில் முக்கால்வாசி வீட்டுக்காரருக்கு.

1. ஆர்டர் போடும்போதே முகவரிக்குக் கீழே “நாய் உண்டு, கேட்டுக்கு வெளியே நின்று கோல் எடுக்கவும்” என்று சேர்த்து எழுதுங்கள். பார்சல்காரர்கள் பெரும்பாலும் வருமுன் ஒரு கோல் எடுப்பார்கள். நாயைக் கட்ட வேண்டியது அந்தக் கோல் வந்தவுடன். வாசலில் ஹோர்ன் கேட்ட பிறகு சங்கிலியைத் தேடி ஓடினால் நாய் முந்திவிடும்.

2. அழைப்பு மணி கேட்டுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வராந்தாவில் மணியை வைத்துவிட்டு வெளியே நாய்ப் பலகை மாட்டுவதில் அர்த்தமில்லை. பலகை சிங்களத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும், கூடவே ஒரு நாய்ப்படமும் வேண்டும். மாத்தளைப் பக்கம் பார்சல் கொண்டுவருகிற பையன்கள் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள்.

3. “எங்க நாய் கடிக்காதுங்க, பயப்படாம வாங்க” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். நாய் கடிப்பதில்லை என்பது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த செய்தி. வந்தவருக்கும் தெரியாது, சில நேரம் நாய்க்கும் தெரியாது. 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர் ஒருவர், கதவு திறந்ததும் பாய்ந்துவந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பயந்து ஓடி மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார். சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நாயின் உரிமையாளர் மீது பொலிஸ் வழக்குப் பதிந்தது. அந்த மரணத்துக்குப் பயமே போதுமானதாக இருந்தது.

ஒரு கையால் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்சலை வாங்குவதும் ஆபத்தான பழக்கம். காசு எண்ண வேண்டும், கையெழுத்து வைக்க வேண்டும், பிடி தளர்ந்துவிடும். நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். குட்டி போட்ட நாயாக இருந்தால், அல்லது சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நிற்கிற நாயாக இருந்தால், இன்னும் கவனம்.

4. பைக்கில் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டக் கூடாது. ஓடுகிறதைத் துரத்துவது அதன் இயல்பு. இறக்கமான ஒழுங்கையில் விழுந்து எலும்பு முறிவது கடியைவிட மோசம். மெதுவாக்கி நிறுத்துங்கள். இறங்கினால் பைக்கையோ பையையோ நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், கத்தாமல், முதுகு காட்டாமல் பின்வாங்குங்கள். கீழே தள்ளிவிட்டால் சுருண்டு படுத்து கழுத்தையும் முகத்தையும் கைகளால் மூடுங்கள். ஹெல்மெட் தலையிலேயே இருக்கட்டும்.

5. கடித்துவிட்டதா? முதலில் நாயை அடைத்துவையுங்கள். அடுத்து சவர்க்காரமும் தண்ணீரும். பைப்பைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளம். விசர்நாய்க்கடி வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைக் கரைத்து வைரஸை அழிக்கிறது. வந்தவர் கூச்சப்பட்டு “பரவாயில்லைங்க, சின்னக் கீறல்தான்” என்பார். விடாதீர்கள். இரத்தம் வராத கீறலும் கழுவ வேண்டிய காயம்தான்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருப்பதால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு தூளும் எண்ணெயும் இருக்கிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், கறுவா எண்ணெய், சுண்ணாம்பு எதையும் கடிவாயில் அப்பாதீர்கள். காயம் எரிந்தால் விஷம் இறங்குகிறது என்கிற நம்பிக்கை பல உயிரைக் குடித்திருக்கிறது. கழுவிய பிறகு கிருமிநாசினி இருந்தால் போடலாம். இறுக்கிக் கட்டக் கூடாது. இரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

6. அடுத்தது மாத்தளை ஆஸ்பத்திரி. பெரிய காயமென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. சின்னக் காயமென்றால் நீங்களே முச்சக்கர வண்டி பிடித்துக் கூடவே போங்கள். கடிபட்டவரைத் தனியே பைக்கில் அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்துவது மனிதத்தனம் இல்லை.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தாத்தா காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது போடுவது கையில்தான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்றவாறு தேதி குறித்து அட்டை தருவார்கள். காயம் ஆழமாக இருந்தால், அல்லது தலை, முகம், விரல் போன்ற இடமாக இருந்தால், காயத்தைச் சுற்றி நோயெதிர்ப்புச் சீரமும் ஏற்ற வேண்டிவரும். அதற்காகக் கண்டிக்குப் போகச் சொன்னால் அன்றைக்கே போங்கள். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். தையல் போடச் சொல்லி நீங்களாக வற்புறுத்தாதீர்கள். நாய்க்கடியைப் பெரும்பாலும் உடனே தைப்பதில்லை.

விசர்நாய்க்கடியின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

7. நாயின் தடுப்பூசி அட்டையைப் போனில் படம் பிடித்துக் கடிபட்டவருக்கு அனுப்புங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் “எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு, நீங்க போக வேண்டாம்” என்று தீர்ப்புச் சொல்கிற வேலை உங்களுடையது அல்ல.

8. கடித்த நாயைக் கொல்லாதீர்கள், தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடவும் வேண்டாம். 14 நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அது வழக்கம்போல் தின்று, குடித்து நலமாக இருந்தால் கடிக்கும்போது அதன் எச்சிலில் வைரஸ் இருக்கவில்லை என்று அர்த்தம். சாப்பாட்டை மறுத்தால், குரல் மாறினால், நடை தள்ளாடினால், எச்சில் ஒழுகினால் உடனே ஆஸ்பத்திரிக்கும் கடிபட்டவருக்கும் அறிவியுங்கள். நாய் செத்துவிட்டால் புதைத்துவிடக் கூடாது. மிருக வைத்தியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொன்னால், தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வழி செய்வார்கள். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்தப் பரிசோதனை நடக்கிறது. வெறுங்கையால் தொட வேண்டாம்.

9. தெருநாய் கடித்தால் காத்திருக்கவே கூடாது. விகாரை வாசல்களில் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற வழக்கம் நாடெங்கும் இருக்கிறது. புண்ணியம் பிக்குமாருக்கு, பாவம் தெருவில் போகிறவருக்கு. நாயை மறுபடி கண்டுபிடிக்க முடியாவிட்டால் விசர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சிகிச்சை எடுக்க வேண்டும். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை பின்னர் பெருமளவு குறைந்ததற்கு நாய்களுக்கு ஊசி போட்டதும் மனிதருக்கு உடனே ஊசி போட்டதுமே காரணம்.

10. இனிக் காசு விஷயம். ஊசி இலவசம், ஆனால் நான்கு தடவை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவருக்கு நான்கு நாள் உழைப்புப் போகிறது. தபால்காரர் அரச ஊழியர், அவருக்கு லீவும் சம்பளமும் உண்டு. ஆப்பில் ஓடுகிற பையனுக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஓடாத நாளுக்கு ஒன்றுமில்லை. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தருகிற சட்டம் நம் நாட்டில் 1934இலேயே வந்தது. என்றாலும் இவர்களைக் கம்பனிகள் பெரும்பாலும் ஊழியர் என்று எழுதுவதில்லை, “பங்காளர்” என்று எழுதிவிடுகின்றன. ஆகவே கிழிந்த காற்சட்டை, போக்குவரத்து, போன வருமானம் எல்லாவற்றையும் பேசி, கடிபட்டவர் கேட்கும் முன்பே நீங்கள் கொடுங்கள். கையில் ஆயிரம் ரூபாவைத் திணித்து “யாருக்கும் சொல்லாதீங்க தம்பி” என்று முடிப்பது கொடுப்பதாகாது.

11. கடிபட்டவருக்கு: அன்றைக்கே காயத்தையும் இடத்தையும் படம் எடுங்கள். கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள், விபத்துக் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி அட்டையைத் தொலைக்காதீர்கள். இலங்கையில் செல்லுபடியாகும் ரோமன்-டச்சுச் சட்டப்படி, வளர்ப்பு மிருகம் காரணமில்லாமல் தாக்கினால், உரிமையாளர் தவறு செய்தாரா என்று பாராமலே அவரிடம் நட்டஈடு கேட்கலாம். நாயைச் சீண்டியவருக்கும் அத்துமீறி நுழைந்தவருக்கும் அது பொருந்தாது. பார்சல் கொண்டுவந்தவர் அழைக்கப்பட்டு வந்தவர், அத்துமீறியவர் அல்ல. கோர்ட்டுக்குப் போகுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது, வழக்கறிஞர் தேவையில்லை.

12. கடிபட்டவர் அடுத்தமுறை உங்கள் வீட்டுக்கு வர மறுத்தால் முறையிடாதீர்கள், நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். அமெரிக்கத் தபால் சேவை 2023இல் தன் ஊழியர்கள் மீது 5,800க்கும் மேற்பட்ட நாய்த் தாக்குதல்களைக் கணக்கிட்டது. நாயைக் கட்டாத வீட்டுக்குத் தபாலையே நிறுத்திவிடுகிறார்கள் அங்கே. கடைக்கோ மெயின் ரோட்டுக்கோ நீங்களே இறங்கிவந்து வாங்கிக்கொள்ளலாம்.

13. நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேட்டால் இலவச ஊசி முகாம் எப்போது என்று சொல்வார்கள். அட்டையில் கடைசித் தேதி எது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், அடுத்த பார்சலுக்கு ஆர்டர் போடுமுன் ஊசியைப் போட்டுவிடுங்கள்.