வலியில்லாமல், வீட்டிலேயே: நோய் ஆதரவு சிகிச்சையைக் கேட்டுப் பெறுவது எப்படி?

"இனிமே செய்யுறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." முற்றிய புற்றுநோயுடன் இருக்கும் வயதான அப்பாவையோ அம்மாவையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பல குடும்பங்கள் ஏதோ ஒரு நாளில் கேட்க நேரும் வார்த்தை இது. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை முடிந்திருக்கலாம். ஆனால் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, பயம் எல்லாம் வீட்டுக்குக் கூடவே வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதுதான் வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவு சிகிச்சை. 'பாலியேட்டிவ் கேர்' என்றும் சொல்வார்கள். அதை எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, வீட்டில் என்ன செய்வது, எதைப் பேசி வைப்பது என்று பார்ப்போம்.

எப்போது கேட்க வேண்டும்?

கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பது தெரிந்த உடனேயே கேட்கலாம். கீமோதெரபி, கதிர்வீச்சு நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பெறலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகப் பெற்றும், மற்றவர்களைவிட இரண்டு மாதங்களுக்கும் மேல் கூடுதலாகவே வாழ்ந்தார்கள். ஆகவே இதைக் கேட்பது நம்பிக்கையை விடுவது ஆகாது.

யாரிடம் கேட்பது?

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீடு தேடி வரும் பிரஷர், சுகர் மாத்திரைகளை வைத்துத்தான் பலருக்கும் இதைத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் இதில் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, "எங்க வீட்டுல படுத்த படுக்கையா இருக்காங்க, நோய் ஆதரவு செவிலியர் வரணும்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். வழி தெரியவில்லை என்றால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

மருத்துவமனைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு பெறலாம். புற்றுநோய் சிகிச்சைகளும் இதில் உண்டு. விவரங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.

வலியை எப்படிச் சொல்வது?

"ரொம்ப வலிக்குதாம் டாக்டர்" என்றால் மருத்துவருக்குப் போதாது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. இப்போது எத்தனை என்று நோயாளியிடமே கேளுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எந்த மாத்திரைக்குப் பின் குறைந்தது என்பதையும் சேர்த்து போனில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மாத்திரை மாற்ற இந்தக் குறிப்பு உதவும்.

கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை தருவார்கள். பேரைக் கேட்டதுமே பலர் பயப்படுகிறார்கள். "பழக்கமாயிடுமே", "சாகப் போறவங்களுக்குத்தானே குடுப்பாங்க" என்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காக எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் தரும் மருந்தும் இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தத்துக்குப் பின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வாங்கி வைத்து வழங்குவதும் எளிதாகியிருக்கிறது.

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். வலி வந்த பிறகு போடுவதைவிட, மருத்துவர் சொன்ன மணிக்கணக்கில் தவறாமல் கொடுங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம். இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் இவற்றைத் தினமும் பாருங்கள். தோல் சிவந்திருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் தலைப்பக்கம் உயர்த்தி, முகத்தில் மெல்லிய காற்று படும்படி விசிறியைத் திருப்பி வையுங்கள். வாயை அடிக்கடி ஈரத்துணியால் துடைத்து விடுங்கள்.

"சாப்பிடவே மாட்டேங்கிறாரே" என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. கடைசிக் காலத்தில் பசி குறைவது நோயின் போக்கு. வற்புறுத்தி ஊட்டினால் அவருக்குத்தான் சிரமம். கேட்கும்போது, பிடித்ததை, இரண்டு வாய் கொடுத்தால் போதும். நினைவு மங்கியவரின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். உதட்டை ஈரத்துணியால் தொட்டு நனைத்தாலே போதும்.

பேச வேண்டிய பேச்சு

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று குடும்பம் கேட்டுக்கொள்கிறது. அன்பினால்தான். ஆனால் உடம்பு சொல்வதை அவர் ஏற்கெனவே உணர்ந்திருப்பார். எல்லோரும் மறைத்தால் அவர் தனியாகப் பயப்படுவார். யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பும் அவருக்குப் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "டாக்டர் சொன்னதை உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்ப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். "சொல்லு" என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

வென்டிலேட்டர் போன்ற கருவிகள் வேண்டுமா என்பதையும் அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். தன் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற வேண்டும். மனம் மாறினால் எழுத்துமூலம் ரத்து செய்யலாம். குணமாகும் வாய்ப்பு இல்லாமல், தானே முடிவு சொல்ல முடியாத நிலை வந்தால் மட்டுமே இது பயன்படும். அப்போதும் மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பிறகே நடைமுறைக்கு வரும். போனில் பேசிப் பதிவு செய்து வைத்தால் மட்டும் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசி நாட்களின் அறிகுறிகள்

அதிக நேரம் தூங்குவார். கை கால் சில்லிடும். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் களகள என்று சத்தம் கேட்கலாம். இது பார்ப்பவர்களுக்குத்தான் பயமாக இருக்கும். பெரும்பாலும் அவருக்கு வேதனை இருக்காது. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். இந்த நேரத்தில் யாரை அழைப்பது என்று செவிலியரிடம் முன்பே கேட்டு எண்ணைச் சேமித்து வையுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். பதில் வராவிட்டாலும் காதில் விழக்கூடும்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரங்களில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் பதியலாம். வங்கி, ஓய்வூதியம், பட்டா மாற்றம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

உங்கள் போனில் இன்றே செய்ய வேண்டியவை

• மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன், பயாப்சி அறிக்கைகளைப் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.
• 104, 108, 14567 எண்களையும், உங்கள் பகுதி செவிலியர் எண்ணையும் சேமித்து வையுங்கள்.
• காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.
• வங்கிக் கணக்குகளுக்கு நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.
• "ஒரே வாரத்தில் கேன்சர் குணம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் மருந்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.
• இரவில் முழித்துப் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கும்படி குடும்பக் குழுவில் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

நோயைத் தீர்க்க முடியாத நிலையிலும் வலியைக் குறைக்க முடியும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.