கணினியின் முதற்படி

நுழையும்முன்

கணினியின் பொத்தானை அழுத்தியதும் திரையில் எதுவும் தோன்றாவிடில், உள்ளிருந்தவை யாவும் அழிந்தன எனக் கருதி வன்தட்டை முழுவதும் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுவோர் பலர். பெரும்பாலும் அது தேவையற்ற இழப்பு. பழுது எங்கே உள்ளது என்பதை அறிந்தால் கோப்புகளைக் காக்கலாம்.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியே செல்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். மழையில் பாறை சரிந்து அப்பாதை அடைபட்டாலும் மேலேயுள்ள செம்மேடும் வயல்களும் அறப்பளீசுவரர் கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்கும். வழி மட்டுமே இராது. அப்போது முள்ளுக்குறிச்சிப் பக்கத்துச் சாலையால் மேலேறி, உள்ளிருந்தும் பாதையைச் சீர்செய்யலாம். கணினியின் தொடக்க ஏற்றி பழுதுறுவதும் இத்தகையதே.

மின்னோட்டம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைப்பொருள். பழைய வகைக் கணினிகளில் அது வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் வன்தட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும், எஞ்சிய இரண்டு அடையாளக் குறிக்கும் உரியவை. அச்சிறு நிரல் தன்னைவிடப் பெரிய தொடக்க ஏற்றியை அழைக்க, அது இயங்குதளத்தின் கருவகத்தை நினைவகத்தில் ஏற்றுகிறது. லினக்சு கணினிகளில் இப்பணியைப் பெரும்பாலும் செய்வது 1995இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய ‘கிரப்’ என்னும் ஏற்றியாகும்.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இச்செய்தி அயலானதன்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் இடம்பெற்றிருந்தது. இரண்டில் எதைத் தொடங்குவது என வினவும் பட்டியலைக் காட்டுவது கிரப்பின் பணி. விண்டோசை மீண்டும் நிறுவினால் அந்த 446 பைட்டுகளின்மேல் அது தன் நிரலை எழுதிவிடும், பட்டியல் மறையும். பாஸின் கோப்புகளோ ஒன்றும் குறையாமல் வன்தட்டிலேயே கிடக்கும்.

இந்நிலையில் வேண்டுவது மீட்புச் சூழல். குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ இருந்து நேரே இயங்கும் லினக்சு அது; வன்தட்டின் உதவியின்றியே தொடங்கும். தொடங்கியதும் செய்யவேண்டிய முதற்செயல் பழுது நீக்கமன்று. செய்முறைக் குறிப்புகள், படங்கள் முதலியவற்றை வேறொரு கருவியில் படியெடுத்தல் வேண்டும். வன்தட்டு ‘டக், டக்’ என ஒலித்தால் பழுது ஏற்றியில் இல்லை, தட்டிலேயே உள்ளது. படியெடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

பின்னர்ப் பிரிவுகளைப் பட்டியலிட்டு, லினக்சு இருக்கும் பிரிவை ‘மவுன்ட்’ கட்டளையால் இணைக்கவேண்டும். கருவிகளையும் செயல்முறைகளையும் காட்டும் ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’ ஆகிய கோப்புறைகளையும் அதனுள் பிணைக்கவேண்டும். இயங்கிக்கொண்டிருப்பது மீட்புச் சூழலின் கருவகம் ஆதலால், இப்பிணைப்பின்றி உள்ளே செல்பவர்க்கு வன்தட்டே கண்ணுக்குத் தெரியாது. அடுத்து ‘சேஞ்ச் ரூட்’ கட்டளையால், பழுதுற்ற லினக்சையே தன் வீடாகக் கொண்டு பணியாற்றலாம். அங்கிருந்து ‘கிரப்-இன்ஸ்டால்’ ஏற்றியை மீண்டும் எழுதும்; ‘அப்டேட்-கிரப்’ பட்டியலைப் புதுப்பிக்கும். 2021இல் வெளிவந்த 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும்படி அமைப்புக் கோப்பில் இசைவு தந்தாலன்றி, விண்டோசு பட்டியலில் தோன்றாமற் போகலாம்.

பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். ‘எஸ்டிஏ’ என்பது முழு வன்தட்டின் பெயர். ‘எஸ்டிஏ1’ அதன் ஒரு பிரிவு. ஏற்றியை எழுதவேண்டியது முன்னதில். புதிய யூஇஎஃப்ஐ வகைக் கணினியிலோ தொடக்க நிரல் முதல் 512 பைட்டுகளில் இராது. தனிப் பிரிவொன்றில் கோப்பாகவே இருக்கும். அப்பிரிவையும் இணைத்தல் வேண்டும். மீட்புச் சூழலையும் அதே முறையில் தொடங்கியிருத்தல் வேண்டும்.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. திரைப்படங்களுக்கு இடம் வேண்டி, விண்டோசிலிருந்தே பாஸ் இருந்த பிரிவை அழித்துவிடுவர். கிரப்பின் பெரும்பகுதி அப்பிரிவோடு போய்விட, முகப்பு நிரல் மட்டும் எஞ்சி, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்னும் வரியோடு திரை நின்றுவிடும், விண்டோசும் தொடங்காது. பழைய வகைக் கணினியில், விண்டோசு நிறுவல் வட்டின் மீட்புச் சூழலில் ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்னும் குறிப்போடு இயக்கினால் தொடக்க நிரல் மீண்டும் எழுதப்படும். விண்டோசும் அதன் கோப்புகளும் திரும்பக் கிடைக்கும். அழித்த பிரிவிலிருந்தவை கிடைப்பது அரிது.